அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வைத்தவர்

எங்க ஊர் பூலாம்பாடி. அரியலூர் தாண்டிப் போகும்போது கீழப்பழுவூர் வரும். 'பொன்னியின் செல்வன்' படிக்கிற வரைக்கும் எனக்கு அது பஸ் நிற்கும் ஒரு ஊர், அவ்வளவுதான். படிச்ச பிறகு அது பழுவேட்டரையர்களின் ஊர்! அப்படி மாத்தினவர் கல்கி.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9 அன்று, மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தார். திருச்சியில் பள்ளிப்படிப்பு முடியப்போகிற நேரம். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பையே விட்டுவிட்டு, சிறைக்கும் போனார். கையில் சான்றிதழ் கிடையாது, எழுத்து இருந்தது. திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் தொழில் கற்றார். பிறகு 'ஆனந்த விகடன்'. 1941-ல் நண்பர் சதாசிவத்துடன் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார்.

சொந்தப் பத்திரிகைன்னா ரிஸ்க்கும் சொந்தம். கதை போரடிச்சா அடுத்த வாரம் யாரும் வாங்க மாட்டாங்க. போன வாரம் அச்சானதைத் திருத்தவும் முடியாது. இந்த நெருக்கடியில்தான் 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கி மூன்றரை வருஷம் ஓடியது.

எப்படி? ஒரு மூடுபல்லக்கைப் பாருங்க. வீரநாராயண ஏரிப் பக்கம் பழுவூர்ப் பல்லக்கு போகுது. உள்ளே இளையராணி நந்தினின்னு வந்தியத்தேவன் நினைக்கிறான், நாமும் நினைக்கிறோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் திரை விலகினா, இறங்குவது மதுராந்தகர்! கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. ஆனா அந்தப் பதிலே பெரிய கேள்வி: சோழ சிம்மாசனம் யாருக்கு? கல்கி விஷயத்தை மறைச்சே இழுக்கல. பதிலைக் கொடுத்து, அதிலிருந்தே அடுத்த முடிச்சைப் போட்டார். வந்தியத்தேவனும் நம்மை மாதிரி வெளியாள். அவனுக்குத் தெரிய வரும்போதுதான் நமக்கும் தெரியும்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் கடைசி வரை திட்டவட்டமான பதில் சொல்லல. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? வரலாற்றில் தெளிவில்லாததைக் கதைக்காக அவர் முடிச்சு வைக்கல. 1954-ல் தொடர் முடிந்தபோது வாசகர்களுக்குத் திருப்தியில்லை. முடிவுரை எழுதி, கதாபாத்திரங்கள் பிறகு என்ன ஆனாங்கன்னு சொல்ல வேண்டியிருந்தது.

அதே வருஷம் டிசம்பர் 5-ல் கல்கி மறைந்தார். வயசு 55 தான். கரிகாலனைக் கொன்றது யாருன்னு எங்க ஹாஸ்டல்ல இன்னும் சண்டை ஓயல.