தராசைச் சிறுவர் கையிற் கொடுத்தவர்: பேராசிரியர் ஹென்றி ஆம்ஸ்ரோங்

நம் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்றோர் முதன்முதல் ஆய்வுகூடத்துட் புகுந்தபோது செய்த வேலை யாது? மரக்கட்டையொன்றின் நீள அகல உயரங்களை மீற்றர்ச் சட்டத்தால் அளந்து, தராசில் நிறுத்து, அதன் அடர்த்தியைக் கண்டு கொப்பியில் எழுதியதேயாம். ஒட்சிசனையும் மின்சாரத்தையும் எதிர்பார்த்துச் சென்ற இளம் பிள்ளைகளுக்கு அது சுவையற்ற வேலையாகவே தோன்றியிருக்கும். ஆயினும், பள்ளிப் பிள்ளை தன் கையால் அளக்கவும் நிறுக்கவும் வேண்டுமென்பது தானாக வந்த வழக்கமன்று. அதற்காக ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் குழுக்களிலும் ஓயாது போராடியவர்களுள் முதல்வராக வைத்தெண்ணத் தக்கவர் இங்கிலாந்து தேசத்து இரசாயனப் பேராசிரியர் ஹென்றி எட்வேட் ஆம்ஸ்ரோங் ஆவர்.

அன்னார் 1848-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆந் திகதி இலண்டனைச் சார்ந்த லூயிஷம் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையில் அவர் உள்ளத்தைக் கவர்ந்த நூல் இரசாயன நூலன்று. சொற்களின் பிறப்பையும் வரலாற்றையும் ஆராய்ந்து றிச்சட் திரெஞ்ச் என்னும் சமயகுரவர் எழுதிய நூலாகும். ஒரு சொல்லை எடுத்து, அது எங்கிருந்து வந்தது, எவ்வாறு மாறியது எனத் துருவிப் பார்க்கும் முறையே பொருள்களையும் அவ்வாறு துருவிப் பார்க்கும் விருப்பத்தை அவருக்கு ஊட்டியதாம். இலக்கணமும் நிகண்டும் பயின்ற மரபில் வந்த நமக்கு இச்செய்தி தனி இன்பம் தருகின்றது.

1865-ஆம் ஆண்டிலே அவர் இலண்டன் இராச இரசாயனக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே ஆசிரியராயிருந்தவர் எட்வேட் பிராங்லண்ட். வாந்திபேதி நோய் இலண்டனிற் பரவி ஆயிரக்கணக்கானோரை மாய்த்த காலம் அது. குடிநீரின் தூய்மையை அறிதல் உயிர்ப் பிரச்சினையாயிருந்தது. நீரிற் கலந்துள்ள சேதனப் பொருள்களின் அளவை நுட்பமாகக் காணும் முறையொன்றை வகுக்கும் பணியைப் பிராங்லண்ட் பதினெட்டு வயது நிரம்பிய இம்மாணவரிடம் ஒப்புவித்தார். அம்முறை 1868-இல் இருவர் பெயராலும் வெளிவந்தது. விடை புத்தகத்தில் இல்லாத ஒரு வினாவைக் கையிற் கொடுத்து, கருவிகளைக் காட்டி, செய்துபார் என்று விட்டுவிட்டால் ஓர் இளைஞன் என்ன ஆவான் என்பதை ஆம்ஸ்ரோங் தம் வாழ்விலேயே கண்டார். பிற்காலத்தில் அவர் பிறருக்கு வற்புறுத்தியதெல்லாம் இதன் விரிவே என்பது எம் கருத்து. தம் மக்களுள் ஒருவருக்கு எட்வேட் பிராங்லண்ட் என்று ஆசிரியரின் பெயரையே இட்டார். அம்மகனாரும் பின்னர் பெயர்பெற்ற இரசாயன அறிஞராய் விளங்கினார்.

அப்பால் யேர்மனி சென்று, லைப்சிக் நகரிலே கோல்பே என்னும் பேரறிஞரிடம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டார். 1871-இல் இலண்டன் இன்ஸ்ரிரியூசனிற் பேராசிரியரானார். 1876-இல், இருபத்தெட்டாவது வயதில், இராச சங்கத்தின் அங்கத்துவம் அவரை அடைந்தது. 1879-இல் எயிற்றன் என்னும் பௌதிக அறிஞரோடு சேர்ந்து பின்ஸ்பரியிலே தொழிலாளர்க்கும் இளைஞர்க்கும் வகுப்புகள் தொடங்கினார். அவ்வகுப்புகளே வளர்ந்து பின்ஸ்பரித் தொழில்நுட்பக் கல்லூரியாயின. 1884 தொடக்கம் தென் கென்சிங்ரனில் அமைந்த மத்திய நிறுவகத்தில் இரசாயனத்துறைத் தலைவராய் விளங்கினார். நப்தலீன், கற்பூரம் முதலியவை பற்றி அவர் செய்த ஆராய்ச்சிகளும், சாயப் பொருள்களின் நிறத்துக்கும் அவற்றின் அமைப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிய கொள்கையும் இரசாயன நூல்களில் இடம்பெற்றவை. அவற்றை ஈண்டு விரிக்கவில்லை.

இனி, அக்காலத்துப் பள்ளிகளில் விஞ்ஞானம் எந்நிலையில் இருந்தது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். மாணவர் பரீட்சையிற் சித்தியெய்துந் தொகைக்கேற்ப அரசாங்கத் திணைக்களம் பள்ளிகளுக்குப் பணம் வழங்கிற்று. ஆகவே ஆசிரியர்கள் பரீட்சைக்கே பயிற்றினர். ஆய்வுகூடமுள்ள இடங்களிலுங்கூட நடந்தது உப்புப் பரிசோதனையே. அட்டவணையை மனப்பாடஞ் செய்து, இன்ன திரவத்தை ஊற்றினால் இன்ன நிறம் என்று கண்டு, இன்ன உலோகம் என்று எழுதிவிடுதல். எதற்காக ஊற்றினோம், எவ்வாறு அம்முடிபு பெறப்பட்டது என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. அந்த அட்டவணைகள் நம்மவர்க்கும் புதியனவல்ல; கேம்பிரிட்ஜ், இலண்டன் பரீட்சைகள் நம் நாட்டுக் கல்லூரிகளை ஆண்ட காலத்தில் அவற்றை உருப்போட்டோர் பலர் நம்முள் உளர்.

இந்நிலையை மாற்ற முன்வந்த ஆம்ஸ்ரோங், 1884-இல் இலண்டனில் நடந்த அனைத்துலகச் சுகாதாரக் கண்காட்சியை ஒட்டிய கல்வி மகாநாட்டிலே, சாதாரண பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியாக இயற்கை விஞ்ஞானம் எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பது பற்றிக் கட்டுரை வாசித்தார். அதே மகாநாட்டிற் பேசிய சென் அன்றூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கிள்ஜோன் எடுத்தாண்ட ஒரு சொல் அவரைக் கவர்ந்தது. ‘ஹியூரிஸ்ரிக்’ என்பது அச்சொல். கண்டறிதல் எனப் பொருள்படும் கிரேக்க அடியிற் பிறந்தது. ஆக்கிமிடீசு நீர்த்தொட்டியினின்று எழுந்தோடிக் கூவியதாகச் சொல்லப்படும் சொல்லும் அவ்வடியினதே. ஆம்ஸ்ரோங்கின் முறைக்கு அதுவே பெயராயிற்று.

பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் இரசாயனக் கல்வியை ஆராய நியமித்த குழுவின் மூலமாக 1889-இல் அவர் ஒரு பாடத்திட்டத்தை வெளியிட்டார். முதலில், வீட்டிலும் வீதியிலும் காணும் பொருள்களை உற்றுநோக்கல். அதனையடுத்து அளவைப் பாடங்கள்: நீளம், பரப்பு, கனவளவு, நிறை. வேறுவேறு மரக்கட்டைகள் ஒரே பருமன் உடையனவாயினும் நிறையில் ஏன் வேறுபடுகின்றன என்ற வினாவோடு சிறுவன் தராசை அணுகுவான். பின்னர் வெப்பம் பொருள்களை யாது செய்கின்றது என்ற ஆராய்ச்சி. அதன் பின்னரே பிரச்சினைகள்.

அப்பிரச்சினைகளுள் ஒன்று இரும்பு துருப்பிடித்தல். ஆணியொன்று ஈரத்திற் கிடந்தாற் செந்நிறத் துருவாகின்றது. அவ்வாறாகும்போது இரும்பு எதையேனும் இழக்கின்றதா, பெறுகின்றதா? ஊகித்துச் சொல்ல ஆசிரியர் விடமாட்டார். நிறுத்துப் பார்த்தாற் நிறை கூடியிருக்கும். கூடிய நிறை எங்கிருந்து வந்தது? ஈர இரும்புத்தூளைத் துணியிற் கட்டி, நீர்மேற் கவிழ்த்த சாடியினுள்ளே தொங்கவிட்டுச் சில நாட் பொறுத்தால், நீர் மெல்ல ஏறிச் சாடியின் ஐந்திலொரு பங்களவில் நின்றுவிடும். எஞ்சிய காற்றில் எரியுந் திரி அணைந்துபோம். காற்று ஒரே பொருளன்று என்பதைச் சிறுவன் இவ்வாறு தானே காண்கின்றான். ஒட்சிசன் என்னும் பெயர் பிறகு வந்தாற் போதும்.

மற்றொன்று தென் இங்கிலாந்திலே மலைமலையாகக் கிடக்கும் வெண்சுண்ணக்கல் பற்றியது. நம் யாழ்ப்பாணமோ சுண்ணாம்புக்கல்லின்மேலே கிடக்கின்ற நாடு. சூளையிற் சுட்டெடுத்த சுண்ணாம்பைச் சுவருக்கும் வெற்றிலைக்கும் பயன்படுத்தும் நாம், சுடும்போது கல் யாதாகின்றதென எத்தனை முறை வினாவியுள்ளோம்? மாணவன் தூய சுண்ணக்கல்லை நிறுத்து, நிறை மாறாது நிற்குமளவும் கடுந்தீயிற் சுட்டு, மீண்டும் நிறுப்பான். நூற்றுக்கு 44 பங்களவு குறைந்திருக்கும். வேறொரு நாள், அதே கல்லை அமிலத்திலிட்டு, பொங்கி வெளியேறும் வாயுவின் நிறையைக் காண்பான். அதுவும் நூற்றுக்கு 44 பங்களவே. தீயும் அமிலமும் தம்முள் யாதொரு தொடர்பும் இல்லாதன. எனினும் இரண்டும் ஒரே எண்ணைத் தருகின்றன. அவ்வாறாயின், தீ வெளியேற்றியதும் அமிலம் வெளியேற்றியதும் ஒரே பொருள்தானோ என்ற ஐயம் பிறக்கின்றது. அதனை உறுதிசெய்ய அடுத்த சோதனை வேண்டப்படுகின்றது. அளவை, விஞ்ஞானத்தின் உயிர்நாடி என்பது இங்கேதான் விளங்குகின்றது. கண்ணால் மாத்திரம் பார்த்தவன் இவ்வொற்றுமையை ஒருநாளுங் காணான்.

இன்னொன்றிலும் ஆம்ஸ்ரோங் கண்டிப்புடையவர். எதற்காக இச்சோதனை, யாது செய்தேன், யாது கண்டேன், அதனால் யாது பெறப்படும் என்பவற்றை மாணவன் வேலை நடக்கும்போதே, தன் சொந்த நடையில், கொப்பியில் எழுதவேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதிய குறிப்பை அவர் குறிப்பென்றே கொள்ளார். கட்டுரை எழுதும் ஆற்றல் ஆய்வுகூடத்திலும் வளரவேண்டுமென்பது அவர் எண்ணம். மொழியாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியாதவர்போல் நடக்கும் கல்லூரிகள் இதனைச் சிந்தித்தல் நன்று.

ஏட்டளவில் நின்றுவிடவில்லை அவர் முயற்சி. அவர்தம் முறையிற் பயின்ற ஹியூ கோடன், ஹெலர் ஆகியோர் இலண்டன் பள்ளிச் சபையின் கீழ் ஏழைப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளிலே இதனை நடத்திக் காட்டினர். பள்ளி ஆசிரியர்களுக்கு மாலை வகுப்புகள் நடந்தன. ஹெலர் பின்னர் அயர்லாந்து சென்று, அங்குள்ள தேசியப் பாடசாலைகளில் இம்முறை பரவ உழைத்தார். கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் பழம்பெரும் பள்ளி 1902-இல் இலண்டனைவிட்டு ஹோஷம் நகருக்கு மாறியபோது, அதன் ஆட்சிச் சபையில் இராச சங்கத்தின் சார்பில் இருந்த ஆம்ஸ்ரோங்கின் கருத்துப்படியே விஞ்ஞானக் கூடங்கள் அமைந்தன. இருந்து கேட்கும் மண்டபங்களாகவன்றி, நின்று வேலைசெய்யும் பட்டறைகளாக அவை கட்டப்பட்டன. மறு ஆண்டில் அவருடைய கல்விக் கட்டுரைகள் நூலுருப் பெற்றன.

எதிர்ப்பும் சிறிதன்று. இலவோசியேயும் பிளாக்கும் ஆயுள் முழுதும் உழைத்துக் கண்டவற்றைப் பன்னிரண்டு வயதுப் பாலகன் வாரத்தில் இரண்டு பாடவேளைகளிற் காண்பதெங்ஙனம் என்று கேட்டனர். காலம் போதாது, வகுப்பிற் பிள்ளைகள் தொகை அதிகம், தராசுகள் குறைவு, ஆசிரியருக்கோ அளவற்ற பொறுமை வேண்டும். யாவற்றையும் பிள்ளை தானே காணவேண்டுமென்று தாம் சொல்லவில்லை, காண்பவனுடைய மனநிலையில் அவனை இயன்றவரை வைக்க வேண்டுமென்பதே தம் கருத்து என்பது அவர் விடை. எனினும் அவர்வழி வந்தோர் சிலர் முறையை மிகைப்படுத்தினர் என்பதையும் நாம் மறுத்தற்கில்லை. முன்னரே தெரிந்த விடையைக் கண்டுபிடிப்பதுபோல் நடிக்கச் செய்வது ஆராய்ச்சியாகாது. 1916-இல் நியமிக்கப்பெற்று, ஜே. ஜே. தொம்சன் தலைமையில் 1918-இல் அறிக்கை விடுத்த குழு, இம்முறையை அளவுமீறிக் கையாண்டதாற் பாடப்பரப்பு குறுகிற்றெனக் குறைகூறியது. அதன்பின் ஹியூரிஸ்ரிக் என்ற சொல் மெல்ல வழக்கொழிந்தது. அளவையும் செய்முறையும் மாத்திரம் பள்ளிகளில் நிலைத்தன. 1962-இல் இங்கிலாந்திலே நபில்ட் நிறுவனம் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டங்கள் அவர் கருத்துகள் பலவற்றைப் புதுக்கிக் கொணர்ந்தன.

அன்னாரின் குணத்திலே முரணொன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. எவர் சொல்லையும் சோதியாது ஏற்காதே என்று சிறுவர்க்குப் போதித்த இப்பெரியார், அரீனியசு என்பார் 1887-இல் வெளியிட்ட அயன் கொள்கையை இறுதிவரை ஏற்கவில்லை. கறியுப்புப் பளிங்கில் அணுக்கள் சதுரங்கப் பலகைபோல் அடுக்கப்பட்டுள்ளன என்று பிராக் காட்டியதையும் 1927-இல், எழுபத்தொன்பதாவது வயதில், பத்திரிகையில் எள்ளி எழுதினார். இரண்டிலும் காலம் அவருக்கு மாறாகவே தீர்ப்பளித்தது. ஐயுறும் பழக்கம் முதுமையிற் பிடிவாதமாக இறுகியதோ, அன்றிச் சான்று போதாதென்ற நேர்மையான எண்ணமோ, அவரவர் தீர்மானிக்கலாம். சாந்தமானவரென்று அவரை எவருஞ் சொன்னதில்லை. ஆனால் பொப், லப்வேத் முதலிய தலைசிறந்த இரசாயனிகள் அவர் ஆய்வுகூடத்திலிருந்தே புறப்பட்டனர்.

தென் கென்சிங்ரன் நிறுவகம் இம்பீரியல் கல்லூரியோடு இணைந்தபோது, அவருடைய இரசாயனத்துறை மூடப்பட்டது, அவரும் ஓய்வுபெற்றார். 1911-இல் இராச சங்கம் டேவிப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் லூயிஷம் வீட்டிலிருந்தவாறே உணவு, பால், மண்வளம், பள்ளிக்கல்வி என்று பலவற்றையும் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1937-ஆம் ஆண்டு யூலை மாதம் 13-ஆந் திகதி, எண்பத்தொன்பதாவது வயதில், பிறந்த அவ்வூரிலேயே காலமானார்.