பிலிம் கழுவும் பொறுப்பை ஏற்ற பாங்கு குமாஸ்தா

போட்டோ பிடிக்கிறவர் தம் இருட்டறையையும் கூடவே தூக்கிக்கொண்டு போன காலம் ஒன்று உண்டு. படம் எடுக்கும் இடத்திலேயே கூடாரம் அடிப்பார். அதற்குள் இருந்து கண்ணாடித் தகட்டுக்கு மருந்தேற்றுவார். ஈரம் உலருமுன் படம் எடுத்து, உலருமுன் கழுவியும் விடவேண்டும். உலர்ந்தால் படம் போயிற்று! கழுவ யாரிடம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கே அப்பொழுது இடமில்லை.

1877-ஆம் வருஷம் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துப் பாங்கு குமாஸ்தா ஒருவர் இந்தச் சாமான்களையெல்லாம் வாங்கினார். சாண்டோ டொமிங்கோ தீவுக்குப் போக அவருக்கு ஆசை. போகிற இடத்தைப் படம் பிடித்து வரலாமே என்று உடன் வேலை பார்த்தவர் யோசனை சொன்னார். பிரயாணம் நடக்கவில்லை, போட்டோப் பைத்தியம் மட்டும் பிடித்துக்கொண்டது. 5 டாலர் கொடுத்து இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். அவர்தாம் பிற்காலத்தில் கோடக் காமிராவினால் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் ஈஸ்ட்மன்.

அவர் 1854-ல் பிறந்தவர். ஏழு வயதில் தகப்பனாரை இழந்தார். தாயார் மரியா வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுக் குடும்பத்தை நடத்தினார். பதினாலாவது வயதில் படிப்பை விட்டுவிட்டு, வாரம் 3 டாலர் சம்பளத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார் ஜார்ஜ். பிறகு கிடைத்ததே பாங்கு வேலை.

மருந்தைப் பூசி உலர்த்தி வைத்து, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தும் தகடு பற்றி இங்கிலாந்துப் பத்திரிகைகளில் படித்தார். பகலெல்லாம் பாங்கு, இரவெல்லாம் தாயாரின் சமையலறையில் மருந்து காய்ச்சும் வேலை. உடுத்த உடையோடு அடுப்பங்கரையிலேயே தூங்கிப்போன இரவுகளும் உண்டு. 1880-ல் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துத் தகடு செய்து விற்கத் தொடங்கினார். மறு வருஷம் பாங்கு வேலையை உதறினார்.

அதன் பிறகுதான் சோதனை வந்தது. 1882-ல் கடைகளுக்கு அனுப்பிய தகடுகள் கெட்டுப்போயின. படம் விழவேயில்லை. விற்ற சரக்கு விற்றதுதான் என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் கெட்ட தகடுகளையெல்லாம் திரும்பப் பெற்று, மாற்றிக் கொடுத்தார். கையிருப்புப் பணம் கரைந்தது. தொழிற்சாலையை மூடிவிட்டு இங்கிலாந்துக்கு ஓடி விசாரித்ததில், மருந்தில் சேரும் ஜெலட்டினே குற்றவாளி என்று தெரிந்தது. (மாடு தின்கிற கடுகுச் செடியிலிருந்து ஜெலட்டினில் வந்து சேரும் ஒரு துளி கந்தகப் பொருள்தான் மருந்துக்கு வேகம் கொடுக்கிறது என்பதை அவருடைய கம்பெனி விஞ்ஞானி ஷெப்பர்ட் 1920-களில் கண்டுபிடித்தார்!)

வாங்குகிறவருக்கு நம்பிக்கை போனால் தொழிலே போய்விடும் என்பதை ஈஸ்ட்மன் அப்போது கற்றார். அந்தப் பாடத்தின் மேல்தான் 1888-ல் கோடக் காமிரா பிறந்தது. விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்குச் சுருள். பொத்தானை அழுத்துவதோடு வாங்கியவர் வேலை தீர்ந்தது. மற்றதெல்லாம் கம்பெனியின் பொறுப்பு என்று விளம்பரம் செய்தார். சுருள் தீர்ந்ததும் 10 டாலருடன் காமிராவையே ராச்செஸ்டருக்குத் தபாலில் அனுப்பிவிட வேண்டியது. படங்களும், புதுச்சுருள் போட்ட காமிராவும் வீடு வந்து சேரும்.

காரணமில்லாமல் இந்தச் சுமையை அவர் ஏற்கவில்லை. அந்தச் சுருள் காகிதத்தால் ஆனது. கழுவிய பின் படலத்தைக் காகிதத்திலிருந்து உரித்து எடுக்கவேண்டும். கை சற்றுத் தவறினால் படம் கிழியும். வீட்டில் செய்கிற காரியமா அது? ஆகவே கைதேர்ந்தவர்களைத் தம் ஆலையிலேயே அமர்த்தினார். குழந்தையின் முதல் சிரிப்பை முகமறியாத ஒருவர் கையில் ஒப்படைக்க ஜனங்கள் துணிந்தார்களே, காமிராவைவிட இதுவே பெரிய அதிசயம்.

1889-ல் கண்ணாடிபோல் தெளிந்த பிலிம் வந்தது. 1891-ல் பகல் வெளிச்சத்திலேயே மாட்டும் சுருளும் வந்தது. இனிக் காமிராவை அனுப்பவேண்டாம். சுருளை மட்டும் கொடுத்தால் போதும். வீட்டில் கழுவலாம், பக்கத்து ஸ்டூடியோவில் கொடுக்கலாம். கழுவுமிடத்தைத் தேர்ந்தெடுக்கும் யோகம் மக்களுக்கு வந்தது. 1900-ல் 1 டாலருக்குப் பிரௌனி காமிராவும் வந்து, சிறுவர்கள்கூடப் படம் பிடித்தார்கள்.

கல்யாணம் செய்துகொள்ளாத ஈஸ்ட்மன், சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதியைக் கல்லூரிகளுக்கும், சங்கீதப் பள்ளிக்கும், ஏழைச் சிறுவர்களின் பல் வைத்தியசாலைகளுக்கும் வாரிக் கொடுத்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஸ்மித் என்ற பொய்ப்பெயரில் பல வருஷம் பணம் அனுப்பினார்! கடைசியில் முதுகெலும்பு நோய் அவரை முடக்கிற்று. 1932 மார்ச் 14-ந் தேதி, 77-வது வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

1935-ல் கோடக் கம்பெனி கோடாக்குரோம் என்ற கலர் பிலிமை வெளியிட்டது. அமெரிக்காவில் அதன் விலையிலேயே கழுவு கூலியும் அடங்கியிருந்தது. ஆகவே கம்பெனியிடமே அனுப்பவேண்டியிருந்தது. 1954-ல் அரசாங்க வழக்கின் முடிவாக அந்தக் கட்டு அவிழ்ந்து, மற்றவர்களும் அதைக் கழுவத் தொடங்கினார்கள். காலம் மாறி, ஒவ்வொருவராக அத்தொழிலை விட்டார்கள். கடைசியில் உலகில் எஞ்சியது கான்சாஸ் மாகாணத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரிலிருந்த ஒரு நிலையம். 2010 டிசம்பர் 30-ந் தேதியோடு அதுவும் கோடாக்குரோம் சுருள்களை வாங்குவதை நிறுத்திற்று. அலமாரிகளில் மறந்து கிடந்த சுருள்களைக் கறுப்பு வெள்ளையாகத்தான் அதன் பிறகு கழுவ முடிந்தது.