பெயர் சூட்டிய பேரறிஞர் லின்னேயஸ்

சுவீடன் நாட்டின் தென்பகுதியில் 1707ஆம் ஆண்டு பிறந்தவர் கார்ல் லின்னேயஸ். மதகுருவாகிய தந்தையாரின் தோட்டமே அவரது முதற் பள்ளிக்கூடம். பின்னர் உப்சாலா பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான அவர், உயிர்களுக்கு இரு சொற்களாற் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டினார்.

அக்காலத்தில் உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி நூலாகக் கட்டிவைப்பர். கட்டியபின் வரிசையை மாற்றல் அரிது. லின்னேயஸோ தாளுக்கு ஒரு செடியாக ஒட்டி, தனித்தாள்களாக அலுமாரியில் அடுக்கினார். புதுச்செடி வரின் உரிய இடத்திற் சேர்க்கலாம். இன்றும் அறிஞர் கைக்கொள்வது இம்முறையே.

நாம் பிறந்த இலங்கை மண்ணை அவர் கண்டதில்லை. எனினும், ஒல்லாந்தர் காலத்தில் அங்கு பணிபுரிந்த மருத்துவர் போல் ஹெர்மன் உள்ளூர்ப் பெயர்களுடன் சேர்த்த செடிகள், அவர் 1695இல் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் லின்னேயஸிடம் வந்தன. அவற்றை ஆராய்ந்து இலங்கைத் தாவரங்கள் பற்றி 1747இல் அவர் நூல் வெளியிட்டார்.

லின்னேயஸ் 1778இல் மறைந்தார். ஏறத்தாழ 14,000 செடிகளும் 3,000க்கு மேற்பட்ட பூச்சிகளும் கொண்ட அவரது தொகுப்பு 1784இல் விலைப்பட்டு இலண்டன் சேர்ந்தது. அங்கு லின்னேயன் சங்கம் அதனைப் பேணுகின்றது. ஒரு பெயர் எச்செடிக்கு உரியதென ஐயம் எழுந்தால், அறிஞர் இன்றும் அத்தாள்களையே நாடுவர்.

மாணவச் செல்வங்களே! மண்ணைவிட்டு அகன்ற செடியும், பெயரும் ஊரும் எழுதப்பட்டிருப்பின் தன் அடையாளத்தை இழப்பதில்லை. நாமும் நம் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதிவைப்போம்.