தாய் அடிமையாக இருந்த நிலத்தை வாங்கிய பாடகர்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கர்ரிவில் என்னும் சிற்றூரில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் ரோலண்ட் ஹேய்ஸ். அவருடைய தாய் ஃபேனி, வெள்ளையர் ஒருவரின் பண்ணையில் அடிமையாக இருந்தவர். அடிமைமுறை 1865இல் ஒழிந்தது. ஆனாலும் சொந்த நிலம் இல்லாததால், குத்தகை உழவுதான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பாக இருந்தது.

சிறுவயதிலேயே தந்தையை இழந்த ஹேய்ஸ், சட்டனூகா நகரில் இரும்பு வார்ப்பாலை ஒன்றில் வேலைக்குப் போனார். அங்கே பியானோ வாசிப்பவர் ஒருவர், இத்தாலியப் பாடகர் கரூசோவின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். இனி தன் வாழ்க்கை பாட்டுதான் என்று அந்த இளைஞர் முடிவு செய்தார்.

கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பிறகு பாஸ்டன் நகருக்குச் சென்று, காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கடைநிலை ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே குரலைப் பண்படுத்தினார். அவருடையது டெனர் எனப்படும், ஆண்களில் உயர்ந்த சுருதியில் பாடும் குரல். ஆனால் அமெரிக்காவின் பெரிய ஓபரா மேடைகள் கறுப்பினத்தவருக்கு மூடியே கிடந்தன. அவருக்குக் கச்சேரி ஏற்பாடு செய்துதரவும் ஆளில்லை. 1917இல் பாஸ்டனின் சிம்பொனி அரங்கைத் தானே வாடகைக்கு எடுத்துப் பாடினார்.

1920இல் லண்டன் சென்றார். அடுத்த ஆண்டே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் பாடினார். பெர்லினிலோ, கறுப்பர் ஒருவர் ஜெர்மன் பாடல் பாடுவதா என்று கூட்டம் கூச்சலிட்டது. அது அடங்கும்வரை அசையாமல் நின்றார் ஹேய்ஸ். பிறகு ஷூபர்ட்டின் மென்மையான பாடல் ஒன்றை எடுத்தார். கூச்சலிட்டவர்களே கைதட்டினார்கள்.

ஐரோப்பிய இசைமேதைகளின் பாடல்களோடு, அடிமைகள் பாடிய பக்திப் பாடல்களையும் அதே மேடையில் அதே மரியாதையோடு பாடினார். 1926இல், தன் தாய் அடிமையாக இருந்த பண்ணை நிலத்தையே விலைக்கு வாங்கினார்.

1942இல் அதே ஜார்ஜியாவின் ரோம் நகரில், செருப்புக் கடை ஒன்றில் அவருடைய மனைவியும் மகளும் வெள்ளையருக்கான இருக்கையில் அமர்ந்துவிட்டார்கள். எழுந்திருக்கச் சொன்னபோது வாக்குவாதம் வந்தது. நியாயம் கேட்கப்போன ஹேய்ஸைப் போலீசார் அடித்தார்கள். கணவனையும் மனைவியையும் சிறையில் வைத்தார்கள். மன்னர் முன் பாடிய புகழும், சொந்த நிலமும் அந்த ஒரு நாற்காலியைப் பெற்றுத்தரவில்லை.

அவர் பாடுவதை நிறுத்தவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். 1977 ஜனவரி 1 அன்று, 89ஆம் வயதில் மறைந்தார். இளம்வயதில் அவர் பாட்டைக் கேட்டு ஊக்கம் பெற்ற மரியன் ஆண்டர்சன், 1955இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாடிய முதல் கறுப்பினப் பாடகியானார்.

ஹேய்ஸின் ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. மாணவர்கள் தேடிக் கேட்க வேண்டும்.