சந்திரபாபுவைக் கொன்றது யார்?

நமது தெள்ளாருக்கு வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் மூன்றாம் நந்திவர்மர் பாண்டியரை வென்ற களம் இதுதான். அதனால்தான் கல்வெட்டுகள் அவரைத் தெள்ளாறு எறிந்த நந்திவர்மன் என்று குறிப்பிடுகின்றன. அவர்மீது பாடப்பட்ட நூல் நந்திக்கலம்பகம்.

அந்த நூலைச் சுற்றி ஒரு கதை உண்டு. நாட்டின்மேல் ஆசை கொண்ட தம்பி ஒருவன் அறம் வைத்து அந்நூலைப் பாடினான். கேட்டால் சாவு வரும் என்று தெரிந்தும், தமிழின் சுவைக்காக மன்னர் கேட்க விரும்பினார். அரண்மனையிலிருந்து சுடுகாடு வரை நூறு பந்தல்கள் போட்டார்கள். ஒவ்வொரு பாடல் முடியும்போதும் ஒரு பந்தல் எரிந்தது. கடைசிப் பாடலை அவர் சிதையின்மேல் இருந்து கேட்டு உயிர் துறந்தார்.

கதை உருக்கமானது. ஆனால் கல்வெட்டுகளில் இதற்கு இடமில்லை. நந்திவர்மருக்குப் பின் அரியணை ஏறியவர் சதி செய்த தம்பி அல்ல, மகன் நிருபதுங்கவர்மர். இருந்தாலும் மக்கள் மனதில் நிற்பது கல்வெட்டு அல்ல, கதைதான். கலையையும் சாவையும் சேர்த்து, நடுவில் ஒரு துரோகியை நிறுத்திவிட்டால் போதும். அந்தக் கதை ஆயிரம் ஆண்டுகள் வாழும்.

இந்தக் கதை நம் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பாட்டு. நெசவாளர் இல்லம் ஒன்றில் அமர்ந்திருந்தோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. வானொலியில் சந்திரபாபு பாடிக்கொண்டிருந்தார். அவரைக் கெடுத்தது எம்.ஜி.ஆர். தான் என்றார் தறியில் இருந்த பெரியவர். குடிதான் கெடுத்தது என்றார் நூல் சுற்றிக்கொண்டிருந்த மருமகள். கட்டியவள் விட்டுப் போனதால்தான் மாமா குடித்தார் என்றார் வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர். பாட்டு முடிந்தும் வாக்குவாதம் முடியவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவருக்காக மூன்று பேர் மூன்று கொலையாளிகளைக் காட்டினார்கள். உண்மை என்ன?

சந்திரபாபு 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில், கத்தோலிக்க மீனவர் குலத்தில் பிறந்தவர். ஆகஸ்ட் 5 அங்கே பனிமய மாதா திருநாள். ஜோசப் பனிமயதாஸ் என்ற பெயரின் முதல் எழுத்துகளே அவருடைய ஜே.பி. தந்தை விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். அதனால் குடும்பம் கொழும்புக்குச் செல்ல நேர்ந்தது. மேற்கத்திய இசையும் நடனமும் சிறுவனின் காதிலும் காலிலும் ஏறியது அங்கேதான். 1943இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1947இல் தன அமராவதி என்ற படத்தில் சிறு வேடம் கிடைத்தது. பிறகு வாய்ப்புகள் வரவில்லை.

1952இல் ஜெமினி ஸ்டுடியோவில் வாய்ப்புக் கேட்டு அலைந்து மனம் உடைந்தவர், அங்கேயே மயில்துத்தத்தை விழுங்கினார். உயிர் பிழைத்தார். தற்கொலை முயற்சி அன்று குற்றம் என்பதால் வழக்கு நடந்தது. நீதிமன்றத்தில் அவர் தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். சுட்டது உங்கள் கண்ணுக்குத் தெரியும், வலி தெரியாது என்பதே அவர் நீதிபதிக்குச் சொல்ல விரும்பியதாம். அதே ஆண்டு ஜெமினியின் மூன்று பிள்ளைகள் படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது.

அதன்பின் ஏறுமுகம். சபாஷ் மீனா (1958), சகோதரி (1959), மரகதம் (1959), அன்னை (1962) என்று படங்கள் வரிசையாக வந்தன. நகைச்சுவை நடிகராக மட்டுமல்ல, பாடகராகவும் அவர் தனித்து நின்றார். குரலை மேலும் கீழுமாக உடைத்துப் பாடும் யோடலிங் முறையைத் தமிழ்த் திரைக்குள் கொண்டுவந்து, சென்னைத் தமிழோடு கலந்து தந்தார். சிரிக்க வைத்துக்கொண்டே வாழ்வின் வெறுமையைச் சொன்ன அந்தப் பாடல்களை இன்றும் நம் வீடுகளில் கேட்கிறோம்.

முடிவு 1974 மார்ச் 8. வயது 46 மட்டுமே. கையில் பணம் இல்லை. மதுவும் பெத்தடின் ஊசியும் உடலைத் தின்றுவிட்டிருந்தன. இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதன் போன்ற சில நண்பர்களே கடைசி வரை துணை நின்றனர். சென்னை சாந்தோமை அடுத்த குயிபிள் தீவுக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

இப்போது அந்த மூன்று கொலையாளிகளைப் பார்ப்போம்.

முதல் குற்றச்சாட்டு எம்.ஜி.ஆர். மீது. எம்.ஜி.ஆரையும் சாவித்திரியையும் வைத்து மாடி வீட்டு ஏழை என்ற படத்தைச் சந்திரபாபு தொடங்கினார். அது பாதியில் நின்றது. கடன் ஏறியது. கார் மாடி வரை ஏறிச் செல்லும்படி அவர் கட்டிய வீடும் கையைவிட்டுப் போனது. எம்.ஜி.ஆர். நாட்கள் ஒதுக்கித் தராததே காரணம் என்பது சந்திரபாபுவின் தரப்பு. அவரே அதைப் பத்திரிகையில் எழுதியும் இருக்கிறார். நாள் கேட்கப் போன இடத்தில் எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்கரபாணியோடு ஏற்பட்ட கைகலப்புதான் உறவை முறித்தது என்பது மறுபக்கம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். தயாரித்து நடித்து 1969இல் வெளிவந்த அடிமைப்பெண் படத்தில் சந்திரபாபுவும் நடித்திருக்கிறார். ஒருவர் மற்றவரை அடியோடு ஒழித்தார் என்ற கதைக்குள் இந்த உண்மை அடங்க மறுக்கிறது.

வேறொன்றும் உண்டு. கவிஞர் கண்ணதாசன் 1960இல் கவலை இல்லாத மனிதன் படத்தைத் தயாரித்தார். கதாநாயகன் சந்திரபாபு. படப்பிடிப்புக்கு அவர் ஒழுங்காக வராததால் தாம் பட்ட பாட்டையும் பட்ட கடனையும் கவிஞர் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஆக, ஒரு படத்தில் காக்க வைக்கப்பட்டவர், இன்னொரு படத்தில் காக்க வைத்தவர். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இரண்டாவது குற்றச்சாட்டு அவருடைய மனைவி மீது. 1958இல் திருமணம் நடந்தது. தம் மனம் வேறொருவரிடம் இருப்பதாக மனைவி சொன்னபோது, அவர் தடுக்காமல் வழியனுப்பி வைத்தார் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. அந்தக் காயம் ஆழமானதுதான். ஆனால் அவருடைய மிகப் பெரிய வெற்றிகளில் பல அதற்குப் பிறகு வந்தவை. உண்மையை மறைக்காமல் சொன்ன ஒரு பெண்ணை, 16 ஆண்டுகள் கழித்து நடந்த சாவுக்குப் பொறுப்பாளி ஆக்குவது எந்த வகையில் நியாயம்?

மூன்றாவது குற்றச்சாட்டு அவர்மீதே. குடித்தார், கெட்டார், செத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இது உண்மைபோல் தெரியும். ஆனால் பெத்தடின் என்றால் என்ன என்று நாம் கேட்பதில்லை. 1930களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான செயற்கை வலிநீக்கி அது. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் பிரசவத்தின்போதும் மருத்துவர்கள் கொடுத்தது. மார்ஃபினைப்போல அடிமையாக்காது என்று முதலில் மருத்துவ உலகமே நம்பியது. அந்த நம்பிக்கை பொய்த்தது. அதன் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், அடுத்த ஊசி தேவைப்படும். நாளாக ஆக அளவு கூட வேண்டும். உடலில் தேங்கும் அதன் மிச்சம் நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். இதில் விழுந்தவருக்கு வேண்டியது அறிவுரை அல்ல, சிகிச்சை. அன்று அது எளிதில் கிடைக்கவில்லை. போதை நோய்க்கென்று சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை தொடங்கப்பட்டது 1980இல். சந்திரபாபு இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு.

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல. 1970 செப்டம்பர் 18 அன்று லண்டனில் ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்தார். தூக்க மாத்திரைகள், மது, மூச்சுக்குழலில் அடைத்த வாந்தி. தற்கொலையா விபத்தா என்று விசாரணை அதிகாரி முடிவு கட்டவில்லை. உடன் இருந்த பெண் சொன்னதும் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. கொலை என்றும் சதி என்றும் இன்றுவரை எழுதுகிறார்கள். 1971 ஜூலை 3 அன்று பாரிசில் ஜிம் மோரிசன் இறந்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. வதந்திகளுக்கு அதுவே போதுமானதாகிவிட்டது. இருவருக்கும் வயது 27. பந்தல்கள் எரியும் கதை லண்டனிலும் பாரிசிலும் உண்டு என்பதுதான் இதிலிருந்து நாம் காண்பது.

இந்த விசாரணையால் நமக்கு என்ன பயன்? செத்தவர் திரும்பி வரப்போவதில்லையே என்று கேட்கலாம்.

பயன் உண்டு. துரோகம்தான் அவரைக் கொன்றது என்று நாம் சொல்லும்போது, அதைக் கேட்கும் இளைஞன் என்ன கற்றுக்கொள்கிறான்? மனம் உடைந்தால் குடிக்கலாம், அதில் ஒரு பெருமை இருக்கிறது என்று கற்றுக்கொள்கிறான். காதலித்தவள் விட்டுப் போனால் தாடி வளர்த்துப் பாட்டிலைத் தூக்குவது நம் சினிமா கற்றுத்தந்த பாடம். மாறாக, அவரே கெடுத்துக்கொண்டார் என்று சொல்லும்போது, நம் தெருவில் தள்ளாடி வரும் மனிதரைக் கடந்துபோக நமக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. முதல் கதை நோயை அழகாக்குகிறது. இரண்டாவது கதை நோயாளியைக் கைவிடுகிறது. இரண்டிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. குற்றவாளி கிடைத்துவிட்டான், நாம் தப்பித்துவிட்டோம்.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. அது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தானா? மறுத்துப் பேச முடியாத இறந்தவர்களைப் பற்றியல்லவா நாம் இன்னும் கவனமாகப் பேச வேண்டும்! எம்.ஜி.ஆர். இல்லை. கண்ணதாசன் இல்லை. சந்திரபாபு இல்லை. இவர்களில் யாரும் எழுந்து வந்து தம் பக்கத்தைச் சொல்லப் போவதில்லை.

பட்டு நெய்பவர்களுக்கு ஒன்று தெரியும். சேலை கிழிந்தால் ஓர் இழையைக் காட்டி இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பாவிலும் ஊடையிலும் பல இழைகள் நைந்த பிறகுதான் துணி விடும். ஒரு மனிதரின் வாழ்வும் அப்படித்தான். 1952இல் நஞ்சு குடித்த நாள் முதல் 1974இல் கண் மூடிய நாள் வரை 22 ஆண்டுகள். இழைகள் ஒவ்வொன்றாக நைந்துகொண்டிருந்தன. பிரிவு, கடன், மது, ஊசி, அவருடைய அவசரம், பிறருடைய மௌனம். அந்த 22 ஆண்டுகளும் அவரைப் பார்த்து நாடே சிரித்தது. அவர் சிரிக்க வைக்கிறாரா என்று பார்த்தவர்கள் அநேகர். அவர் நலமாக இருக்கிறாரா என்று பார்த்தவர்கள் சிலரே.

1966இல் சந்திரபாபு தாமே ஒரு படத்தை இயக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் தட்டுங்கள் திறக்கப்படும். அது நற்செய்தியில் ஆண்டவர் தந்த வாக்குறுதி. படம் வெற்றி பெறவில்லை. ஆனாலும் விழுந்துகொண்டிருந்த ஒரு மனிதர் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது நம்மைச் சற்று நிற்க வைக்கிறது. அவர் தட்டினார். எத்தனை கதவுகள் திறந்தன?

வருகிற நவம்பர் 2 அன்று நாம் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவோம். குடித்து இறந்தார் என்று ஊர் முத்திரை குத்திய ஒருவர் நம் எல்லோர் குடும்பத்திலும் இருப்பார். அவர் கல்லறைமுன் நிற்கும்போது யாரால் இறந்தார் என்ற கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் பட்ட வலியை நினைப்போம். திரும்பும் வழியில், இன்றும் உயிரோடு நம் தெருவில் தள்ளாடுபவரின் வீட்டுக்குப் போவோம். அவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல அந்தக் குடும்பத்துக்குத் துணை நிற்போம். தீக்குச்சி சுட்டது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வலியை அறிய அருகில் போக வேண்டும்.