புயலுக்கு முந்திய தந்தி

வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுச் சிரிப்பது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. மழை பெய்யும் என்று சொன்ன நாளில் வெயில் எறித்துவிட்டால், அந்தச் சிரிப்பு ஒரு வாரத்துக்கு நீடிக்கும். இச்சிரிப்புக்கு வயது நூற்றறுபது ஆண்டுக்கு மேலாகிறது. முதன்முதலில் அதற்கு இலக்கானவர் றொபேட் பிட்ஸ்றோய் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி. சாள்ஸ் டார்வினைப் பற்றிப் படித்தவர்கள் இவர் பெயரையும் கண்டிருப்பர். டார்வின் உலகஞ் சுற்றிய 'பீகிள்' கப்பலின் தலைவர் இவரே. அந்த அளவோடு இவரை விட்டுவிடுவது முறையன்று என்பது என் எண்ணம்.

1805 ஆம் ஆண்டு யூலை 5 ஆம் நாள் பிறந்த பிட்ஸ்றோய், இரண்டாம் சாள்ஸ் மன்னனின் வழிவந்த பிரபு குடும்பத்தவர். பன்னிரண்டு வயதிற் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். 1828 இல், 'பீகிள்' கப்பலின் தலைவராயிருந்த பிறிங்கிள் ஸ்ரோக்ஸ், தென்னமெரிக்காவின் தென்கோடியிலே தனிமையும் மனச்சோர்வும் தாளாது தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்தக் கப்பல் இருபத்துமூன்று வயது இளைஞரான பிட்ஸ்றோயின் கைக்கு வந்தது.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அது நடந்தது. பிளாற்றா ஆற்று முகத்துவாரத்தைக் கப்பல் நெருங்கியபோது பாரமானியில் இரசம் இறங்கிக்கொண்டிருந்தது. வானமும் நல்ல குறி காட்டவில்லை. துறையைச் சென்றடையும் அவசரத்தில் இளந்தலைவர் பாய்களைச் சுருக்கத் தாமதித்தார். 'பம்பேரோ' எனப்படும் கொடுங்காற்று சமவெளியிலிருந்து பாய்ந்து வந்து கப்பலைச் சாய்த்தது. பாய்மரங்கள் முறிந்தன, மாலுமிகள் இருவர் கடலுக்கு இரையாயினர். கண்ணாடிக் குழாய் சொன்னதைக் கேட்டிருந்தால் அவ்விருவரும் பிழைத்திருப்பர். பிட்ஸ்றோயின் பிற்கால வாழ்வு முழுவதையும் நான் இந்த இருவர்மேல் வைத்தே வாசிக்கிறேன்.

பாரமானி சொல்வதுதான் என்ன? நம்மைச் சூழ்ந்த காற்றுக்கும் பாரம் உண்டு. கடல் மட்டத்தில் ஒரு சதுர அங்குலத்தின்மேல் ஏறக்குறைய 15 இறாத்தல் பாரம் அழுத்துகிறது. குழாயிலுள்ள இரசத்தை அது 30 அங்குலம் அளவுக்குத் தாங்கி நிற்கிறது. ஓரிடத்தில் வெப்பமும் ஈரமும் மிக்க காற்று மேலெழும்போது அங்கே அமுக்கம் குறைகிறது, இரசம் இறங்குகிறது. எழுந்த காற்று உயரத்திற் குளிர, அதிலுள்ள நீராவி துளிகளாகி முகிலாகிறது. சுற்றிலுமுள்ள காற்று அவ்விடத்தை நோக்கி விரைகிறது. ஆயினும் நேராக வந்து சேர்வதில்லை. பூமியின் சுழற்சியால் வளைந்து, வட கோளத்தில் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகவும், தென் கோளத்தில் முள்ளின் வழியாகவும் சுழல்கிறது. இரசம் எவ்வளவு விரைவாக இறங்குகிறதோ, அவ்வளவுக்குக் காற்றின் வேகத்தையும் அஞ்ச வேண்டும்.

1831 முதல் 1836 வரை டார்வினோடு சென்ற பயணத்தைப் பலர் எழுதிவிட்டனர். ஸ்ரோக்ஸின் முடிவும், 1822 இல் தம் கழுத்தைத் தாமே அறுத்துக்கொண்ட மாமன் காசில்றே பிரபுவின் முடிவும் நினைவில் நிற்க, தனிமைக்கு அஞ்சியே பிட்ஸ்றோய் கற்ற துணை ஒருவரைத் தேடினார் என்பது மட்டும் இங்கே போதும். 1843 இல் நியூசிலாந்தின் ஆளுநரானார். மவோரி மக்களின் நிலவுரிமையை மதித்ததனாற் குடியேறியோரின் பகைக்கு ஆளாகி, 1845 இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

1854 இல் வர்த்தகச் சபையின்கீழ் வானிலைப் புள்ளிவிபரம் திரட்டும் சிறு அலுவலகம் ஒன்று அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்கெழுதுவது மட்டுமே அவருக்கிட்ட பணி. 1859 ஒக்டோபர் 26 ஆம் நாள், மெல்போணிலிருந்து பொன்னோடும் பயணிகளோடும் லிவர்பூலை நோக்கி வந்த 'றோயல் சாட்டர்' கப்பல், அங்கிள்சித் தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. மாண்டவர் 450 பேருக்கு மேல். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்தாமும் தப்பவில்லை. அப்புயலில் மூழ்கிய கப்பல்கள் 133.

பிட்ஸ்றோய் பல இடத்துக் குறிப்புக்களையும் ஒரே படத்தில் இட்டுப் பார்த்தார். புயல் ஓரிடத்திற் பிறந்து மற்றோரிடத்துக்கு நகர்வது கண்கூடாயிற்று. அது நகரும் வேகத்தினும் தந்தி விரைவானதன்றோ! பதினைந்து நிலையங்களிலிருந்து நாள்தோறும் தந்தி வரச்செய்து, 1861 பெப்ரவரியிற் புயலெச்சரிக்கையைத் தொடங்கினார். துறைமுகக் கம்பத்தில் ஏற்றிய கூம்பின் முனை மேல்நோக்கினால் வடகாற்று, கீழ்நோக்கினால் தென்காற்று. தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் புயற் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வருகிறதே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதே ஆண்டு ஓகஸ்ற் முதலாம் நாள் 'டைம்ஸ்' பத்திரிகையில் அவரது முதல் முன்னறிவிப்பு வெளியாயிற்று. இது சோதிடமன்று, கணித்துக் கூறும் கருத்து என்பதை உணர்த்தவே அவர் 'முன்னறிவிப்பு' என்னும் புதுப்பெயரை இட்டார்.

பெயர் மாறியதால் ஏளனம் மாறவில்லை. எச்சரிக்கைக்கு அஞ்சிப் படகுகள் கரையிற் கிடந்ததால் வருமானம் இழந்த மீன்பிடி முதலாளிமார் சினந்தனர். விஞ்ஞானிகள் சிலர் இதை விஞ்ஞானமே அன்று என்றனர். அறிவிப்பை அச்சிட்ட 'டைம்ஸ்' பத்திரிகையே கேலியும் செய்தது. பிழைகள் இருந்தது உண்மை. பிரித்தானியாவுக்கு வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து, அத்திலாந்திக் கடலைக் கடந்து வருவது. அயர்லாந்துக்கு அப்பாலோ தந்தி அனுப்ப ஒரு நிலையமும் இல்லை. வாசலுக்கு வந்த பின்னரே விருந்தாளியைக் காணக்கூடிய நிலையில் ஒருவர், நாளை வருபவர் யார் என்று சொல்ல முனைந்தார். தவறிய அறிவிப்புக்கள் எண்ணப்பட்டன. துறையில் தங்கியதால் மூழ்காத படகை எண்ணுவது எவ்வாறு?

காது மந்தமாகி, உடல் நைந்து, கடனும் சூழ, 1865 ஏப்ரில் 30 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மாமனைப் போலவே தம் கழுத்தை அறுத்து அவர் உயிரைப் போக்கிக்கொண்டார். வயது 59. மறு ஆண்டு விசாரணைக் குழு அவரது முறையைக் குறைகூற, எச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டன. கடலோடிகள் விடவில்லை, கூம்பு வேண்டும் என்று கேட்டு நின்றனர். 1867 இல் அது மீண்டும் கம்பத்தில் ஏறியது. நாளாந்த முன்னறிவிப்பு பொதுமக்களுக்குத் திரும்பியதோ 1879 இலேதான்.

தம் சொத்தையெல்லாம் பொதுப்பணியிற் செலவிட்டுவிட்டார் என்பது இறந்த பின்னர் தெரியவந்தது. குடும்பத்துக்காக நண்பர்கள் பணம் திரட்டினர். 1860 இல் ஒக்ஸ்போர்டில், விவிலியத்தை உயர்த்திப் பிடித்துத் தம் கொள்கைக்கு எதிராக எழுந்து நின்ற அந்தப் பழைய கப்பற்றலைவருக்காக, டார்வினும் நூறு பவுண் அனுப்பிவைத்தார்.