பேதை வேடத்தில் பிழைத்த பேரரசர்



தமக்குத் தெரிந்ததை வெளிக்காட்டாமல் இருப்பவர்கள் சிலரை நீங்களும் கண்டிருப்பீர்கள். மேலதிகாரி கணக்கைப் பிழையாகச் சொல்லும்போது, திருத்தத் தெரிந்தும் தலையாட்டிக் கொண்டிருப்பார் ஒரு லிகிதர். காணிப் பிணக்கில் எல்லாம் விளங்கியும் ஒன்றும் விளங்காதவர் போல் மூலையில் இருப்பார் ஒரு சித்தப்பா. இத்தகையோருக்குப் பகைவர் குறைவு. பொறாமைக்காரர் கண்ணிலும் இவர்கள் படுவதில்லை. அறிவை மறைப்பதால் நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நன்மைக்குக் கொடுக்கும் விலை என்ன? இதை அறிய, உரோமைச் சக்கரவர்த்தி கிளவுதியுசின் வாழ்க்கையைச் சற்று நோக்குவோம்.

திருத்தூதர் பணிகள் நூலை வாசிப்போருக்கு இப்பெயர் புதியதன்று. அவர் காலத்தில் உண்டான பஞ்சமும், யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டுமென அவர் இட்ட கட்டளையும், அதனால் இடம்பெயர்ந்த ஆக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்தில் பவுலடிகளைச் சந்தித்ததும் அங்கே சொல்லப்பட்டுள்ளன.

கிளவுதியுஸ் கி.மு. 10ஆம் ஆண்டில், இன்று பிரான்ஸ் தேசத்து லியோன் என வழங்கும் நகரில் பிறந்தார். அரச குலத்துப் பிள்ளை; அகுஸ்துஸ் சக்கரவர்த்தியின் மனைவி லிவியாவின் பேரன். ஒரு வயதைத் தாண்டியதும் தந்தையை இழந்தார். நடக்கையில் கால் இழுபடும், தலை ஆடும், நாக்குத் திக்கும். பெற்ற தாய் அந்தோனியாவே, இயற்கை தொடங்கி முடிக்காமல் விட்ட பிறவி என்று அவரைச் சொல்வாளாம். எவரையேனும் மூடர் என்று இகழ வேண்டுமானால், தன் மகனிலும் பெரிய மூடர் என்பாளாம். இளைஞனுக்குரிய உடை தரிக்கும் நாளில் மற்றப் பிள்ளைகளை விழாவெடுத்து அழைத்துச் செல்வது உரோமையர் வழக்கம். இவரையோ நள்ளிரவில் பல்லக்கில் வைத்துச் சத்தமின்றிக் கொண்டுபோனார்கள்.

ஒதுக்கி வைக்கப்பட்ட இந்தப் பிள்ளை புத்தகங்களோடு உறவு கொண்டது. பேர்பெற்ற சரித்திர ஆசிரியர் லிவியுஸ் ஊக்கமளிக்க, வரலாறு எழுதத் தொடங்கினார். எத்துருஸ்கரின் சரித்திரத்தை 20 நூல்களிலும், கார்த்தேசு நாட்டின் சரித்திரத்தை 8 நூல்களிலும் கிரேக்க மொழியில் எழுதி முடித்தார். உள்நாட்டுப் போர்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோது மட்டும் தாயும் பாட்டியும் தடுத்தார்கள். ஆளும் குடும்பத்தின் கையில் இரத்தம் படிந்த காலம் அது. உண்மை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்வது ஆபத்து என்னும் பாடத்தை அவர் அங்கேயே கற்றிருக்க வேண்டும்.

அந்த ஆபத்து கற்பனையன்று. எல்லோராலும் போற்றப்பட்ட அவரது அண்ணன் ஜெர்மானிக்குஸ் கி.பி. 19இல் சிரியாவில் இறந்தபோது நஞ்சூட்டப்பட்டதாகவே ஊர் பேசியது. அண்ணனின் மனைவியும் மூத்த புதல்வர் இருவரும் திபேரியு சக்கரவர்த்தியின் காலத்தில் நாடுகடத்தலிலும் சிறையிலும் மாண்டார்கள். அண்ணனின் கடைசி மகன் கலிகுலா கி.பி. 37இல் அரியணை ஏறியதும், தனக்குப் போட்டியாகக் கூடிய இளவரசனைச் சாகச் செய்தான். கிளவுதியுசை மட்டும் விட்டுவைத்தான். எதற்காக? சிரிப்பதற்காக! விருந்தில் அவர் கண்ணயர்ந்தால் ஒலிவ விதைகளையும் ஈச்சங்கொட்டைகளையும் அவர்மேல் எறிவார்கள். அவர் கைகளில் காலணிகளை மாட்டிவிட்டு எழுப்புவார்கள். திடுக்கிட்டு விழித்தவர் அவற்றாலேயே முகத்தைத் தேய்க்கும் காட்சியைக் கண்டு சபை குலுங்கும். அவரோ எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அறிவாளிகளும் வீரர்களும் மடிந்த வீட்டில் கோமாளி உயிரோடிருந்தார்.

கி.பி. 41ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் கலிகுலா மெய்க்காவலராலேயே கொல்லப்பட்டான். திரைக்குப் பின் ஒளிந்திருந்த கிளவுதியுசைக் கண்டெடுத்த படைவீரர்கள் அவரைப் பாசறைக்குத் தூக்கிச் சென்று சக்கரவர்த்தி என்று முழங்கினார்கள். மூதவை குடியாட்சியைப் பற்றி வாதாடிக் கொண்டிருக்கையில், ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த இந்தப் பேதை, வீரர் ஒவ்வொருவருக்கும் 15,000 செஸ்தெர்சு தருவதாக வாக்களித்து அரசைக் கைப்பற்றிவிட்டார்!

பதின்மூன்று ஆண்டுகள் அவர் ஆண்டார். செலவு தாங்காது என்று பொறியியலாளர் எச்சரித்தும் கேளாமல், உரோமைக்குத் தானியம் வந்திறங்க ஒஸ்தியாவருகே துறைமுகம் அமைத்தார். இரு பெரும் நீர்வழிகளைக் கட்டி முடித்தார். பிரித்தானியா அவர் காலத்தில் உரோமை மாகாணமாயிற்று. நோயுற்ற அடிமைகளை வெளியே எறிந்துவிடும் எசமானர், அவர்கள் சுகமடைந்தால் மீண்டும் உரிமை கோரலாகாது என்று சட்டம் செய்தார். நமது தீவுக்கும் அவர் காலத்தில் ஒரு தொடர்பு ஏற்பட்டது. காற்றில் அடிபட்டு இங்கு வந்து சேர்ந்த உரோமையன் ஒருவனை விசாரித்த அரசன், பின்பு உரோமைக்கு நான்கு தூதுவரை அனுப்பினான் என்று பிளினி என்னும் அறிஞர் எழுதி வைத்துள்ளார்.

இவ்வளவு செய்தவரை உரோமை மதித்ததா? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது உள்ளது. கலிகுலாவின் காலத்தில் தாம் வேண்டுமென்றே மூடரைப்போல் நடித்ததாகவும், இல்லாவிடில் உயிர் தப்பியிருக்க முடியாதென்றும் அவர் மூதவையிலேயே விளக்கினார். எவரும் நம்பவில்லை. மூடர்களின் எழுச்சி என்ற தலைப்பில் விரைவிலேயே ஒரு நூல் வெளிவந்தது. மூடனாக எவனும் நடிப்பதில்லை என்பதே அதன் சாரம்!

உயிரைக் காத்த முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொண்டது. தம்மை இகழ்ந்து பழகிய பிரபுக்களிடம் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. வீட்டில் தம்மோடிருந்த விடுதலை பெற்ற அடிமைகளையும் மனைவியரையுமே நம்பினார். சதி என்ற பயத்தில் 35 மூதவையினரையும் முந்நூறுக்கு மேற்பட்ட வீரகுலத்தாரையும் கொல்வித்தார் என்பது அவர் பெயரில் அழியாத கறை. மனைவி மெசலினா அவர் இருக்கவே இன்னொருவனை மணந்தாள். அடுத்த மனைவி அகிரிப்பீனா தன் மகன் நீரோவுக்காகக் காளானில் நஞ்சிட்டாள் என்றே பழைய ஆசிரியர்கள் எழுதினர். கி.பி. 54இல் அவர் இறந்ததும் செனேக்கா என்னும் அறிஞர் அவரை எள்ளி நகையாடி ஒரு நூலே எழுதினார்.

நிறைகுடம் தளம்பாது என்போம். அது அடக்கத்தைப் பற்றிய பேச்சு. நிறைகுடம் தன்னை வெறுங்குடமாகக் காட்ட நேர்வது வேறு சங்கதி. அது அச்சத்தால் வருவது. வாளின் கீழ் இருப்பவன் தன் அறிவை மறைப்பதில் குற்றமில்லை. ஆனால் ஆபத்து நீங்கிய பின்னும் அதைக் களைய முடியாது போகலாம் என்பதற்குக் கிளவுதியுஸ் சாட்சி.

வாசகரே, இன்னும் ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். தாயே ஏளனம் செய்திராவிட்டால், அந்தப் பிள்ளைக்கு அந்த வேடம் அவ்வளவு இலகுவாகப் பொருந்தியிருக்குமா? உங்கள் வீட்டில் திக்கிப் பேசும் பிள்ளை இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் வாய்திறவாத ஊழியர் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டுமுன், தெரிந்ததைச் சொல்ல உங்கள் முன்னிலையில் அவர்களுக்குப் பயமில்லையா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.